திருமலையில் ரியூன் செய்த காபரேற்றர் நுவரெலியாவில் படும் பாடு

சித்திரை வருடப்பிறப்புக்கு நுவரெலியா போய்த் திரும்பும் பழைய கார்கள் ஏப்ரல் கடைசியில் திருமலை (திருகோணமலை) கராஜ்களுக்குக் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ரம்பொடைக்கு மேலே இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. அங்கே ஒருவர், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரில் கைவைத்துத் தந்தார், கொஞ்சம் சுகம். இப்போது கந்தளாய் றோட்டில் எண்பதில் போனால் வெட்டி வெட்டி ஓடுகிறது, ஹீற்றும் ஏறுகிறது.

கேட்க ஒரு வருத்தம் போலத் தெரியும். இரண்டு வருத்தம் அது. மேலே கண்ட புகை மலையின் குணம், இறங்கினால் தானே போய்விடும். கீழே காணும் வெட்டும் சூடும் அங்கே காபரேற்றரில் பெற்றோலைக் குறைத்த கைவேலை. வால்வைச் சுடுவது இந்த இரண்டாவதுதான். ஆனால் எல்லோரும் பயப்படுவது முதலாவதுக்கு.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அடிக்கணக்கில் 6,128. நமது கார்கள் கடலுக்குக் கல்லெறி தூரத்தில் நிற்பவை. இங்கே காற்றழுத்தம் 1,010 மில்லிபார் அளவில் இருக்கும், அங்கே 810 அளவில். மேலே குளிர் என்பதால் காற்று கொஞ்சம் நெருங்கி நின்று இந்த இழப்பில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. 33 பாகைச் சூட்டில் திருமலைக் காற்று ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.15 கிராம். 16 பாகைக் குளிரில் நுவரெலியாக் காற்று 0.98 கிராம். ஆக நூற்றுக்கு 15 குறைவு. 1500 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை விழுங்குவது அங்கேயும் அதே ஒன்றரை லீற்றர்தான். லீற்றர் அதே, சரக்குக் குறைவு.

இதுவரை உள்ளது எந்த எஞ்சினுக்கும் பொது. காபரேற்றர் இல்லாமல் கணினி பெற்றோல் தெளிக்கும் இ.எஃப்.ஐ. காரும் இந்த 15ஐ இழக்கும். ஆனால் அதில் காற்றை அளந்து சொல்லும் சென்சர் இருப்பதால் பெற்றோலையும் அதே அளவு குறைத்துக்கொள்ளும். காபரேற்றருக்குக் காற்றை நிறுக்கத் தெரியாது. வெஞ்சூரி எனும் ஒடுங்கிய கழுத்தில் காற்று விரைந்து போகும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. காற்று நூற்றுக்கு 15 இலேசானால் அந்த உறிஞ்சலும் 15 குறையும். ஆனால் ஜெட் துவாரத்தால் வரும் பெற்றோல் உறிஞ்சலின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும், அதனால் அது 8 தான் குறைகிறது. காற்றில் 15 போயிற்று, பெற்றோலில் 8 தான் போயிற்று. இந்த ஏழெட்டு வித்தியாசம்தான் சைலென்சரால் கறுப்பாக வருகிறது.

கலவையின் கணக்கில் பார்த்தால், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்று ஓடிய இடத்தில் 13.5 ஆகும். சமதரையில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் ஏற்றத்தில் பெடலை முழுக்க மிதிக்கும்போது காபரேற்றர் ஏற்கெனவே 12.5 அளவில் தடிப்பாகத்தான் கொடுக்கும், அது 11.5க்கு இறங்கிவிடும். அந்த அளவுக்கு மேல் பெற்றோல் எரியாமல் கரியாகிறது. பெற்றோல் கூடிய கலவையைக் கராஜில் 'றிச்' என்றும், பெற்றோல் குறைந்ததை 'லீன்' என்றும் சொல்வதை இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

வலு எவ்வளவு போகும்? ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு 3 என்ற பழைய வாய்ப்பாடு போதும். நுவரெலியாவில் 18. மாருதி 800 காபரேற்றர் மொடலின் 37 குதிரைவலு அங்கே 30 சொச்சம். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பைகளும் என்றால் இழுக்கவில்லை என்று சொல்வதற்கு எஞ்சினில் கோளாறே தேவையில்லை.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். கண்டி 500 மீற்றர் அளவு உயரம். அங்கே காற்று நூற்றுக்கு 4 தான் குறையும், கலவை 2 தான் றிச் ஆகும். இரண்டு வீத வித்தியாசத்தில் எந்தக் காரும் புகைக்காது. ஆகவே மாத்தளை தாண்டிக் கண்டிக்குள் போகும்போதே கரும்புகை கண்டால் பழியை மலையில் போட வேண்டாம். குளிரில் ஸ்ராட் பண்ணக் காற்றை மறைக்கும் சோக் தகடு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது காபரேற்றர் தொட்டியில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான புளோட்டின் ஊசி தேய்ந்து பெற்றோல் வழிகிறது, அல்லது எயார் கிளீனர் அடைத்திருக்கிறது. அந்தக் கார் திருமலையிலேயே றிச்சாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சமதரையில் அது தெரியாமல் போயிற்று.

அதனால்தான் மலைப் பயணத்துக்கான வேலையில் முக்கால்வாசி இங்கே, சமதரையில், புறப்படுமுன் முடிய வேண்டியது. மெயின் ஜெட்டை மாற்ற வேண்டாம். இரண்டு நாள் தங்கலுக்கு ஜெட் மாற்றுவது விருந்துக்குப் போகும் வீட்டுக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது போன்றது. காபரேற்றர் திருமலைக்குச் சரியாக இருந்தால் நுவரெலியாவில் ஏழெட்டு வீதம் றிச்சாக ஓடி, கொஞ்சம் பெற்றோலைக் கூடக் குடித்து, பத்திரமாக வந்து சேரும். இங்கேயே பத்து வீதம் றிச்சாக இருப்பதுதான் அங்கே தாங்காது.

முதலில் எயார் கிளீனரைக் கழற்றிச் சோக் தகட்டைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு தகடு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கை சோக் உள்ள காரில் வயர் இழுபட்டுத் தகடு கொஞ்சம் சரிந்தே நிற்பது சாதாரணம். நமது உப்புக் காற்றில் அந்த வயரின் உறைக்குள் துரு பிடிக்கும். குமிழை உள்ளே தள்ளினாலும் தகடு மீதி வழி வராது. ஓட்டோ சோக் என்றால் உள்ளிருக்கும் சுருள் பழுதாகியிருக்கலாம். தகட்டின் அச்சில் காபரேற்றர் கிளீனர் அடித்து விரலால் ஆட்டினால் தானாக விழுந்து திறக்க வேண்டும்.

அடுத்தது புளோட். ஐசன், ஹிற்றாச்சி காபரேற்றர்களில் பக்கவாட்டில் சிறு கண்ணாடி இருக்கும். சமதரையில் எஞ்சின் ஓடும்போது பெற்றோல் மட்டம் அதிலுள்ள புள்ளியில் அல்லது கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் ஊசியும் ஆசனமும் தேய்ந்துவிட்டன, அல்லது புளோட் ஓட்டையாகிக் கனத்துவிட்டது. புளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெற்றோல் அலம்பும் சத்தம் கேட்கும். மட்டம் கூடினால் எல்லா வேகத்திலும் றிச். மலை ஏற்றத்தில் கார் பின்பக்கம் சாய்வதால் இது இன்னும் மோசமாகும்.

பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள காருக்கு பிளக் இடைவெளி 0.8 மில்லிமீற்றர், பொயின்ற் இடைவெளி 0.45. இலத்திரனியல் டிஸ்ரிபியூட்டர் என்றால் பிளக் 1.1 வரை போகலாம். காரின் புத்தகத்தில் உள்ளதே முடிவு. றிச் கலவையைப் பற்றவைக்க நல்ல பொறி வேண்டும். பிளக்கில் கரி படிந்தால் பொறி பலவீனமாகும், பொறி பலவீனமானால் இன்னும் கரி படியும். மலையில் ஒரு சிலிண்டர் விடுபட்டு ஓடத் தொடங்குவது இந்த வட்டத்தால்தான்.

பிறகு, கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐடில்) கலவையைத் தீர்மானிக்கும் ஐடில் மிக்ஸர் ஸ்குரூவின் கணக்கை எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் புறப்படுகிறவர்கள்தான் திரும்பி வந்து கராஜில் நிற்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி, ஸ்குரூவை வலப்பக்கமாக மெதுவாகத் திருகி, தட்டும் இடம் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இறுக்க வேண்டாம்: அதன் முனை கூர்மையான பித்தளை அல்லது மெல்லிய உருக்கு, இறுக்கினால் முனையில் வளையத் தழும்பு விழும், அதன்பின் ஒருநாளும் சீராக ரியூன் ஆகாது. இரண்டரைச் சுற்று என்றால் 'சாத்தி 2½' என்று எழுதி பொனற்றின் உட்புறம் ஒட்டிவிட்டு, ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி விடுங்கள்.

ரேடியேற்றர் மூடியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், நல்ல மூடி அந்த அழுத்தத்தைப் பிடித்துக் கொதிநிலையை அங்கேயும் ஏறத்தாழ 115 பாகைக்கு உயர்த்தி வைக்கும். மூடியின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்தக் காவல் இல்லை. எஞ்சினின் சூட்டுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்டாற் திறப்பதே 82 அல்லது 88 பாகையில். 88 என்றால் 94க்கு மிச்சம் ஆறு பாகைதான் இடைவெளி. திருமலையில் பிழைத்த மூடி புசல்லாவையில் கைவிடுவது இப்படித்தான். புது மூடியை வாங்கிப் பூட்டிவிட்டுப் போங்கள். உள்ளே கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நமது கரையோரக் கிணறுகளின் உப்பு ரேடியேற்றர் குழாயை உள்ளிருந்து அடைத்துவிடும்.

95 ஒக்டேன் அடித்தால் மலையில் இழுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. உயரம் கூடக் கூட சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, எஞ்சின் தட்டும் வாய்ப்பும் குறைகிறது. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 85 ஒக்டேனே விற்கிறார்கள் (அவர்களின் அளவுகோல் வேறு, நமது கணக்கில் அது 90 அளவு). 9க்கு 1 அளவு கொம்பிரஷன் உள்ள பழைய எஞ்சினுக்கு 92 போதும்; மிச்சக் காசுக்குப் பிளக் வாங்கலாம்.

இனி ஏற்றம். கம்பளை தாண்டியதும் தொடங்கிவிடும். காபரேற்றருக்குள் பவர் வால்வு என்றொரு சின்னப் பிஸ்ரன் உண்டு. காபரேற்றரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மனிபோல்டில் வக்யூம் (உறிஞ்சல்) நல்லாக இருக்கும்வரை அது மேலே இழுபட்டு நிற்கும்; வக்யூம் விழுந்தால் ஸ்பிறிங் அதைக் கீழே தள்ளி, கூடுதல் பெற்றோலுக்குக் கதவு திறக்கும். கடல்மட்டத்தில் பெடலை ஏறத்தாழ முழுக்க மிதித்தால்தான் இது நடக்கும். உயரத்தில் வக்யூமே ஆயிரம் அடிக்கு ஒரு பாதரச அங்குலம் வீதம் குறைவதால், பாதிப் பெடலுக்கே கதவு திறந்துவிடும். ஏற்கெனவே றிச்சான கலவைக்கு மேல் இன்னொரு ஊற்று. ஆகவே மலையில் பெடலைப் பலகைவரை மிதிப்பதால் கிடைப்பது புகை மட்டுமே. முக்கால்வரை மிதித்து, இழுக்கவில்லை என்றால் கியரைக் குறையுங்கள். இரண்டாம் கியரில் 3,000 சுற்றில் ஏறும் கார், மூன்றாம் கியரில் 1,800 சுற்றில் முக்கிக்கொண்டு ஏறும் காரைவிடக் குறைவாகப் புகைக்கும், குறைவாகச் சூடாகும். வோட்டர் பம்மும் காற்றாடியும் வேகமாகச் சுற்றுவதே காரணம்.

புகையே இல்லாமல், பெற்றோல் பூட்டைச் சாத்தியது போல எஞ்சின் மெல்ல மெல்ல இளைத்து நின்றால் அது வேறு நோய்: குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிவிட்டது. அழுத்தம் குறைந்த இடத்தில் பெற்றோலும் தண்ணீரைப் போலவே சீக்கிரம் கொதிக்கும். எஞ்சினோடு பூட்டிய டயபிறாம் பம் தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுப்பதால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இன்னும் குறைவு. மெதுவாக, பாரத்தோடு, வெயிலில் ஏறும்போது அங்கே குமிழி பிடிக்கும். பம் குமிழியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். நிழலில் நிறுத்தி, பொனற்றைத் திறந்து, பம்மின் மேலும் அதிலிருந்து காபரேற்றருக்குப் போகும் குழாயின் மேலும் ஈரத் துணியைச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஈரத்துணி டிஸ்ரிபியூட்டரில் படக் கூடாது. மூன்று குழாய் உள்ள பம் என்றால், தாங்கிக்குத் திரும்பும் மூன்றாவது குழாய் திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே ஊதிப் பார்த்திருக்க வேண்டும். சூடான பெற்றோலையும் குமிழியையும் வெளியேற்றும் வழி அதுதான். பழுது என்று சொல்லி அதைக் கட்டைபோட்டு அடைத்த கார்கள் நிறைய. காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையில் கறுப்பாக ஒரு தடித்த கட்டை இருக்கும். அது சூட்டைத் தடுக்க வைத்தது. அது உடைந்தபோது வெறும் கஸ்கட் வெட்டிப் போட்டவர்கள் இந்த நோயைத் தாங்களே வாங்கியவர்கள்.

ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு அரை மணி கழித்து வந்தால் கார் ஸ்ராட் ஆகாமல் அடம்பிடிப்பது இதன் தம்பி. எஞ்சின் நின்றதும் காற்றாடியும் நின்றுவிடும், சூடு மேலேறும், புளோட் தொட்டியிலிருக்கும் பெற்றோல் கொதித்து மனிபோல்டுக்குள் வழியும். இப்போது எஞ்சின் பெற்றோலில் குளித்திருக்கிறது. பெடலை டப் டப் என்று அடிக்கவே வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் அக்சிலேட்டர் பம் இன்னொரு சிரட்டை ஊற்றும். பெடலை மெதுவாக முழுக்க அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு பத்து வினாடி ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். சோக் தொட வேண்டாம். இருமிக்கொண்டு பிடிக்கும், பிடித்ததும் பெடலை விட்டுவிடலாம். முதல் தடவை பிடிக்காவிட்டால் அரை நிமிடம் பற்றரிக்கு ஓய்வு கொடுத்து மறுபடி அதே மாதிரி.

மேலே போய்ச் சேர்ந்தால் ஐடில் விழுந்திருக்கும். இங்கே 850 சுற்றில் நின்றது அங்கே 650 அளவில் நடுங்கும், சிக்னலில் நின்றுபோகும். பெடலோடு திறக்கும் த்ரொட்டில் தகட்டின் இடைவெளி அதேதான், அதனூடாகப் போகும் சரக்குத்தான் குறைவு. ஒரு இரவுக்கு மட்டும் என்றால் ஐடில் வேக ஸ்குரூவை மட்டும் கால் சுற்று ஏற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். மூன்று நான்கு நாள் என்றால் மிக்ஸரையும் தொடலாம்: எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். மிக்ஸர் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்றாக உள்ளே திருகி, ஒவ்வொரு முறையும் பத்து வினாடி பொறுங்கள். றிச்சான கார் என்றால் சுற்று முதலில் கூடும், பிறகு ஒரு இடத்தில் விழத் தொடங்கும். விழத் தொடங்கிய இடத்திலிருந்து எட்டில் ஒன்று பின்னால். பெரும்பாலும் கால் சுற்றுக்கும் அரைச் சுற்றுக்கும் இடையில் முடியும். அரைச் சுற்றுக்கு மேலும் கேட்கிறது என்றால் அது உயரத்தின் கணக்கு இல்லை, புளோட்டைப் பாருங்கள்.

வலப்பக்கம் திருகினால் லீன் என்பது, ஸ்குரூ த்ரொட்டில் தகட்டுக்கு எஞ்சின் பக்கமாக, காபரேற்றரின் அடியில் இருந்தால் மட்டும். மோட்டார் சைக்கிள் சிலவற்றில் அது காற்று வரும் பக்கத்தில் இருக்கும். அங்கே ஸ்குரூ காற்றைத்தான் அளக்கிறது, திசை தலைகீழ். முச்சக்கர வண்டி, பைக் எல்லாவற்றுக்கும் கணக்கு மேலே சொன்னதுதான், பக்கம்தான் மாறும்.

மொறிஸ் மைனர்க்காரருக்கு ஒரு வார்த்தை. எஸ்.யூ. காபரேற்றரில் பிஸ்ரன் தானாக ஏறி இறங்குவதால் அது உயரத்துக்கும் தானே சரிசெய்துகொள்ளும் என்று சொல்வார்கள். இல்லை. பிஸ்ரன் உறிஞ்சலைத்தான் ஒரே அளவில் வைக்கிறது, காற்றின் கனத்தை அது அறியாது. அதுவும் அதே 8 வீதம் றிச் ஆகும். ஆனால் திருத்துவது சுலபம். அடியிலுள்ள ஆறு முக நட்டை மேலே ஏறும் பக்கமாக ஒரு முகம் திருப்பினால் லீன். பிஸ்ரனைப் பக்கத்திலுள்ள ஊசியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள்: சுற்று கூடி, கூடியபடியே நின்றால் இன்னும் றிச், உடனே சாகப் பார்த்தால் லீன், சற்றுக் கூடி மறுபடி அமர்ந்தால் சரி. திருப்பிய முகங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள், இறங்கும்போது அதே எண்ணிக்கை பின்னால்.

விடியற்காலையில் பத்துப் பாகைக் குளிரில் ஸ்ராட் பண்ணும்போது சோக்கை முழுக்க இழுக்கும் பழக்கம் நமக்கு இல்லை, சோக் எங்கே இருக்கிறது என்பதே பலருக்கு அங்கேதான் நினைவு வரும். பாதி இழுத்தாலே போதும். குளிருக்கு வேண்டிய றிச்சில் ஒரு பங்கை மலையே தந்துவிட்டது. பிடித்து ஒரு நிமிடத்தில் உள்ளே தள்ளிவிடுங்கள்.

இறக்கத்துக்கு முன் பிறேக். வக்யூம் பூஸ்ரர் உள்ள கார்களுக்கு உதவி வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது, அந்த அழுத்தமே அங்கே ஐந்தில் ஒன்று குறைவு. பெடல் கொஞ்சம் கட்டியாக இருப்பது சாதாரணம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்து முறை பெடலை அடித்து, அமுக்கிப் பிடித்தபடி ஸ்ராட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்ரர் ஹோஸோ அதன் ஒருவழி வால்வோ போயிற்று. அந்தக் காருடன் ஹக்கலைப் பக்கமும் போக வேண்டாம், ரம்பொடைப் பக்கமும் வேண்டாம். பெற்றோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் எஞ்சினை நிறுத்தி உருட்டுவது பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பெற்றோல் தாங்கியின் மூடிக்கும் இறக்கத்தில் ஒரு வேலை உண்டு. கீழே வர வர வெளி அழுத்தம் கூடும். மூடியின் காற்றுத்துளை அடைந்திருந்தால் தாங்கிக்குள் அழுத்தம் குறைந்தபடியே இருக்கும், பம் இழுக்கத் திணறும். கம்பளையில் மூடியைத் திறக்கும்போது 'சூ' என்று காற்று உள்ளே போனால் அதுதான்.

பேராதனையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போதே ஸ்குரூவைப் பொனற்றில் எழுதிய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றால் இடையில் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வெயில் பாதை கிடக்கிறது. ஐடில் மிக்ஸர் மட்டும் லீன் என்றால் பெடலைத் தொட்டதும் ஒரு வெட்டு, அவ்வளவோடு போகும். யாராவது மெயின் ஜெட்டையே தொட்டிருந்தால்தான் கதை வேறு.

அங்கேயே நிரந்தரமாக ஓடும் கார்களுக்கு ஜெட்டைச் சிறிதாக்குவது நியாயமான வேலைதான். 8 வீதம் பெற்றோல் குறைய ஜெட்டின் விட்டம் 4 வீதம் குறைந்தால் போதும், ஏனெனில் பரப்பு விட்டத்தின் வர்க்கம். 100 என்று எண் அடித்த ஜெட்டுக்கு, அதாவது 1.00 மில்லிமீற்றருக்கு, 96 அல்லது 95. பொறி விழும் நேரமான டைமிங்கையும் இரண்டு மூன்று பாகை முன்னே வைப்பார்கள். இலேசான காற்று மெதுவாக எரியும், வக்யூமால் பொறியை முன்னே தள்ளும் அட்வான்சும் குறைந்துபோயிருக்கும். டொயோட்டா 80களில் அமெரிக்கச் சந்தைக்கு விட்ட காபரேற்றர் கார்கள் சிலவற்றில் ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேல் தானாகத் திறந்து கூடுதல் காற்றை உள்ளே விடும் ஒரு வால்வே இருந்தது. நமது றோட்டில் ஓடும் கார்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சிக்கல், அப்படி மலைக்கென்று சரிசெய்த கார் விற்பனைக்கு வந்து திருமலைக்காரர் வாங்கும்போது. நுவரெலியா, பண்டாரவளை, ஹட்டன் கார்கள் துரு இல்லாதவை என்று ஆசைப்பட்டு வாங்குகிறோம், அதில் பிழையில்லை. உப்புக்காற்றுப் படாத பொடி உண்மையிலேயே நல்லது. ஆனால் மேலே சரியாக இருந்த அந்தக் காபரேற்றர் இங்கே எட்டு வீதம் லீன். லீன் கலவை மெதுவாக எரியும், எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு முடிந்திருக்காது, வால்வின் விளிம்பு கருகும். முன்னே வைத்த டைமிங்கும் நமது 33 பாகையும் சேர்ந்தால் எஞ்சின் தட்டும். றிச் கார் பெற்றோலையும் பிளக்கையும் தின்னும். லீன் கார் ஹெட்டைத் தின்னும்.

வாங்குமுன் அங்கேயே கொம்பிரஷன் பார்த்தால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். திருமலையில் 170 காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 136 அளவுதான் காட்டும். வக்யூம் கேஜும் இங்கே 18 அல்லது 19 அங்குலம் காட்டுவது அங்கே 12 அல்லது 13 காட்டும். றிங் போய்விட்டது என்று விலையைக் குறைக்கப் பார்த்தால் விற்பவர் சிரிப்பார், அவர் சிரிப்பது சரி. நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே கொண்டுவந்ததும் காபரேற்றரின் மேல் மூடியைக் கழற்றி மெயின் ஜெட்டை வெளியே எடுங்கள். அகலமான, சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் வேண்டும். பித்தளைத் தலை ஒருமுறை வழுகினால் பிறகு துளைத்துத்தான் எடுக்கலாம். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். துவாரம் முழு வட்டமாக இருக்க வேண்டும். வட்டத்தின் ஒரு ஓரத்தில் மயிரளவு கோடு ஒன்று தெரிந்தால் யாரோ செப்பு வயரின் ஒரு இழையை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் மடித்துவிட்டிருக்கிறார்கள். ஜெட் வாங்கக் கிடைக்காத இடத்தில் செய்யும் கைவேலை இது. கால் மில்லிமீற்றர் இழை ஒரு மில்லிமீற்றர் துவாரத்தில் 6 வீதப் பரப்பை அடைக்கும்; கணக்கு நல்ல கணக்குத்தான், மேலே இருந்தவரைக்கும். இழையை எடுத்துவிடுங்கள், ஜெட்டின் பக்கத்திலுள்ள எண்ணைக் காரின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணுக்கும் துவாரத்துக்கும் பொருத்தமில்லாமல் விளிம்பு சுரண்டியிருந்தால் அது துளைத்த ஜெட், எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். இரண்டு பரல் (இரண்டு கழுத்து) உள்ள காபரேற்றரில் இரண்டாவது பரலின் ஜெட்டையும் பார்க்க மறக்கக் கூடாது. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிற்பவர்கள் உண்டு. டைமிங் லைட்டை வைத்து டைமிங்கையும் புத்தக அளவுக்கு இழுத்துவிடுங்கள்.

பிறகு நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் நேர் றோட்டில் ஐந்தாறு கிலோமீற்றர் எழுபதில் ஒரே சீராக ஓட்டுங்கள். முன்னும் பின்னும் வாகனமில்லாத இடம் பார்த்து, கிளச்சை அமுக்கி, சாவியை ஒரு படி மட்டும் பின்னுக்குத் திருப்பி எஞ்சினை நிறுத்தி ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். ஸ்ரியரிங் பூட்டுப்படும் இடத்துக்குச் சாவி போகக் கூடாது. பிறேக் பூஸ்ரரில் இரண்டு மிதிக்கு வக்யூம் மிச்சமிருக்கும், அதற்குள் நிறுத்திவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். இளம் பிஸ்கட் நிறம் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக, பீங்கானில் சின்னச் சின்னப் பளபளப்புப் புள்ளிகளோடு இருந்தால் இன்னும் லீன். ஜெட்டை ஒரு எண் கூட்டி, அதே றோட்டில் மறுபடியும் ஒருமுறை.